மூன்று கத்தரி

திருமலைக்கு முடி கொடுக்கப் போகிற பெண்களுக்கு இரண்டு வழி உண்டு. முழுக்க மழித்துக்கொள்வது ஒன்று. மற்றது மூன்று கத்தரி. கூந்தல் நுனியைக் கத்தரிக்கோலால் மூன்று முறை நறுக்குவார்கள். அந்த விரல் நீள முடியைச் சாமிக்கு விட்டுவிட்டு, பின்னலை முடிந்துகொண்டு கீழே வந்துவிடலாம். அதற்கும் டோக்கன் உண்டு, அதற்கும் புண்ணியம் உண்டு என்கிறார்கள். எந்த மகராசி கண்டுபிடித்த ஏற்பாடோ, அவளுக்கும் என்னைப் போலவே முடி மேல் ஆசை இருந்திருக்கும். நான் மூன்று கத்தரிக்காரி. அதை இருபது வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு புத்தகம் எழுதி, அதில் நேர் எதிராகச் சொன்னேன்.

புத்தகம் நட்பைப் பற்றியது. பதினான்கு கட்டுரைகள். மேலட்டையில் இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருக்கும் படம். நான் நகரிக்காரி. முப்பது வருடத்துக்கு மேல் எம்.ஆர்.ஓ. ஆபீசில், தமிழ்நாட்டுக்காரர்கள் தாலுகா ஆபீஸ் என்பார்களே அதில், தெலுங்கில் ஃபைல் எழுதிச் சம்பளம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தமிழில் எழுதினேன். ஆபீசில் எனக்குப் பொல்லாதவள் என்று பெயர். வருமானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, பைக் நிற்கிறதா என்று விசாரிக்காமல் கையெழுத்துக்கு வைக்க மாட்டேன். செத்துப்போனவருடைய இறப்புச் சான்றிதழுக்குக்கூட இரண்டு சாட்சி கேட்பேன். அப்பேர்ப்பட்டவள், இலக்கியம் என்று வந்ததும், ஒரு விசாரணையும் இல்லாமல் எனக்கு நானே நல்லவள் என்று சான்றிதழ் எழுதிக்கொண்டேன்.

தூண்டிவிட்டவர்கள் என் இலக்கிய நண்பர்கள். திருப்பதியில் எங்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் என்று ஆந்திராப் பக்கம் மாட்டிக்கொண்ட தமிழ் எழுத்தாளர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் எழுதுகிறவர்கள், படிக்கிறவர் என்று ஒருவரும் கிடையாது. ஒருவரை ஒருவர் 'நண்பர்' என்றுதான் அழைத்துக்கொள்வோம். ஒருவர் புத்தகம் போட்டால் மற்ற பத்துப் பேரும் முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை என்று முறை வைத்து எழுதிக் கொடுப்போம். என் புத்தகத்தில் முதல் கட்டுரை இருபத்தேழாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அதுவரை நண்பர்கள்தான்.

எங்கள் தலைவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன எழுதினாலும் 'மண்ணின் மணம் கமழ்கிறது' என்பார். சத்தியவேட்டு நண்பர் சர்க்கரை நோய் பற்றி எழுதிய புத்தகத்திலும் மண்ணின் மணம் கமழ்ந்தது. வட்டத்தில் பொன்னாடை ஒன்றே ஒன்று. மாம்பழ மஞ்சள், ஓரத்தில் காப்பிக் கறை. யாருக்குப் போர்த்தினாலும் அவர் துவைத்து மடித்து அடுத்தவருக்குப் போர்த்த வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு முந்தின வருடம், ஆண்டு விழாவில் என் தோளுக்கு வந்தது. அடுத்த மாதமே சித்தூர் நண்பருக்குப் போர்த்திவிட்டு, அவருடைய கவிதைகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அவர் எழுதுவது சிறுகதை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவரும் நான் எழுதியது எதையும் படித்ததில்லை.

இந்தப் பத்துப் பேரை விட்டால் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

நாங்கள் படித்த பள்ளிக்கூடம் ஒரே காம்பவுண்டு. ஒரு பக்கம் தமிழ் மீடியம், ஒரு பக்கம் தெலுங்கு மீடியம், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். தெலுங்கில் படித்தால் வேலை கிடைக்கும் என்று அவள் நைனா யோசித்து அவளை அந்தப் பக்கம் சேர்த்தார். என் நைனா ஒன்றும் யோசிக்காமல் கிட்டே இருந்த வாசலில் என்னை விட்டுவிட்டுப் போனார். கடைசியில் தமிழ் மீடியம் படித்த எனக்குத் தெலுங்கு ஆபீசில் வேலை. தெலுங்கு மீடியம் படித்த அவள் ஆறு மெஷின் போட்டு, உள்பாவாடை தைத்து, புத்தூர்க் கடைகளுக்கும் திருத்தணிக் கடைகளுக்கும் போடுகிறாள். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது தெலுங்குப் பேப்பர். எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான், யாரும் இதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

குழாயடியில் ஆரம்பித்த சிநேகிதம். கல்யாணம், பிள்ளைகள், மாமியார்கள் எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் காப்பி போடுவாள். நான் பேசுவேன், அவள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே கேட்பாள். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரையும் நான் ஒரு பாடு திட்டி முடித்ததும், பசி எடுக்கும், வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்றாட வாழ்க்கையில் நட்பு என்றால் எனக்கு இவ்வளவுதான் தெரியும். ஆனால் இதை வைத்துப் பதினான்கு கட்டுரை எழுத முடியாது.

இருபது வருடத்துக்கு முன் அவள் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுத்துப் பார்த்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவள் என் கையை விட மாட்டேன் என்கிறாள். நர்ஸ் விரல் விரலாகப் பிரித்து விட வேண்டியிருந்தது. அப்போது நான் சத்தமாகச் சொன்னேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

“நீ நல்லபடியா வெளிய வாடீ. நான் மலையில மொட்ட போட்டுக்கறேன்.”

எங்கள் பக்கம் இப்படி வேண்டிக்கொள்வதை மொக்குவது என்போம். மொக்கினால் தீர்க்க வேண்டும். மொக்கினவர் தீர்க்காவிட்டால் போன வியாதி திரும்பி வரும் என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நிமிஷம் நம்பினேன். அவள் நல்லபடியாக வெளியே வந்தாள். கட்டி நல்ல கட்டி.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் மலைக்குப் போனோம். வரிசையில் நிற்கும்போது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்போது என் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். மூஞ்சி சுமார்தான், நிறமும் சுமார்தான், முடி ஒன்றுதான் எனக்குச் சொத்து. பத்து நாளில் நாத்தனார் மகள் கல்யாணம் வேறு. கவுண்டரில் இருந்தவர் மொட்டையா, மூன்று கத்தரியா என்று தெலுங்கில் கேட்டார். மூன்று கத்தரி என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கவுண்டரில் தனக்கு ஒரு டோக்கன் கேட்டாள், மொட்டை என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பாதி முடி கொட்டிப் போயிருந்தது. மீதி இருந்ததையும் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். நீ எதுக்குடீ போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். யாராவது ஒருத்தர் போட வேண்டும் இல்லையா என்றாள், அவ்வளவுதான். நாத்தனார் மகள் கல்யாணத்தில் நான் பின்னல் நிறைய மல்லிப்பூ வைத்துக்கொண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பந்தியில் பரிமாறினாள்.

இதை நடந்தபடியே எழுதியிருந்தால் நல்ல கட்டுரைதான். சத்தியமாக அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். கவுண்டர் வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று கத்தரி என்று எழுதக் கை வரவில்லை. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து, மொட்டை என்று எழுதினேன். அப்புறம் பாருங்கள், நிற்கவே இல்லை. உச்சியில் கத்தி பட்ட குளிர்ச்சி, மடியில் கொத்துக் கொத்தாக விழுந்த கூந்தல், பாரம் இறங்கிய நெஞ்சு, எல்லாம் வந்தது. அவள் அழுதுகொண்டே என் காலில் விழப் போனாள் என்றும், நான் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன் என்றும் எழுதினேன். கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன்.

வட்டத்தில் அந்தக் கட்டுரைக்குத்தான் பேர். தலைவர் போன் செய்து அழுதார். படித்தாரா என்று தெரியாது, ஆனால் நிஜமாகவே அழுதார். மண்ணின் மணம் என்று சொல்லாத ஒரே தடவை அதுதான். எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், முதல் இரண்டு பாராட்டுக்கு இருந்தது. மூன்றாவது ஆள் பாராட்டும்போது, அன்றைக்கு நிஜமாகவே போட்டுக்கொண்டோமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

பயம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குத் தெரியக் கூடாது. ஊர் என்ன சொல்லும் என்ற கவலை இல்லை, ஊரில் யார் புத்தகம் படிக்கிறார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போக வேறு வீடு கிடையாது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் அச்சுக்குக் கொடுத்தேன். அவள் சொத்தை அவளுக்குத் தெரியாத எழுத்தில் என் பேருக்கு மாற்றி எழுதிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் இந்த வேலையை எவராவது செய்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா.

புத்தகம் வந்த அன்றே இரண்டு பிரதி வாங்கிக்கொண்டாள். ஒன்று தனக்கு, ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க. துணி வாங்குகிறவளுக்கே உரிய பழக்கம், அட்டையைத் தேய்த்துப் பார்த்தாள், முதுகைத் திருப்பித் தையல் பார்த்தாள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறதாமே, படி என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

கவுண்டர் வரை அச்சில் இருந்தபடி படித்தேன். அதற்கு மேல் கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அச்சில் கத்தி என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது, என் வாய் அதை அவள் தலையில் ஓட்டிக்கொண்டிருந்தது. மூன்று கத்தரி என்று நான் வாய்விட்டு ஒப்புக்கொண்டது இருபது வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவளுடைய மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஆறு மாதக் கர்ப்பிணி, எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண். படித்து முடித்ததும் நல்லா எழுதிக்கீற என்றாள் சிநேகிதி. புத்தகத்தில் அப்படியே இருக்கிறதா என்று கேட்டாள். அப்படியே என்றேன். ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் வட்டத்தில் எனக்கு விழா. தலைப்பு, இலக்கியத்திலும் வாழ்விலும் நட்பு. திருப்பதியில் ஒரு ஓட்டல் மாடி ஹால். அந்தச் சிநேகிதியை மேடையில் உட்காரவைத்துப் பாராட்ட வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். கூச்ச சுபாவம் என்றேன். பஸ் ஏறினால் வாந்தி வரும் என்றேன். அவர் கேட்கவில்லை, அவளிடமே போனில் பேசிவிட்டார். நான் மறுபடி அவள் வீட்டுக்குப் போனபோது புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.

விழாவில் மேடையில் ஒன்பது பேர், கீழே பதினான்கு பேர். கீழே இருந்ததில் ஐந்து பேர் பேசுகிறவர்களின் வீட்டார். இலக்கியத்தில் நட்பு என்று வரிசையாகப் பேசினார்கள். எல்லாம் ராஜாவும் புலவரும், தளபதியும் ராஜாவும். ஒருவருக்காக ஒருவர் உயிரை விட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், பார்க்காமலே பழகினார்கள். பெண்களுக்கும் பழைய பாட்டில் தோழி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தலைவியின் காதலனிடம் தூது போவதும், தலைவி அழும்போது சமாதானம் சொல்வதும் அவள் வேலை. அந்தத் தோழிக்கு ஒருநாள் வயிறு வலித்ததா என்று எந்தப் பாட்டிலும் யாரும் விசாரிக்கவில்லை. என் ஏற்புரையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று குறித்து வைத்திருந்தேன்.

பிறகு என் புத்தகத்துக்கு வந்தார்கள். ஒருவர் நான் சிநேகிதிக்குக் கிட்னி கொடுத்ததாகப் பேசினார். இன்னொருவர் அவளைக் காலமாகிவிட்டவள் என்று நினைத்துக்கொண்டு உருகினார். அவள் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து மிக்ஸர் தின்றுகொண்டிருந்தாள். தலைவர் அந்த மஞ்சள் பொன்னாடையை அவளுக்குப் போர்த்தி, இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

“எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இவ படிச்சுக் காட்டினா, கேட்டேன். அப்புறம் எங்க மருமவளும் படிச்சுக் காட்டினா. அவ திருத்தணிப் பொண்ணு, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவ. மொத அட்டையிலேருந்து கடைசி அட்ட வரைக்கும் ரெண்டு வாட்டி படிச்சா.”

திருத்தணி. இவள் மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி தின்றவள் நான். பெண் தமிழில் கடிதம் எழுதுவாள் என்று அவர்கள் சொன்னதற்கு, எங்களுக்கும் தமிழ்தான் உயிர் என்று பதில் சொன்னவளும் நான். எங்கள் பக்கம் பாதி மருமகள்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். முப்பது வருடம் ஊர் முழுக்க விசாரணை செய்தவளுக்கு இது தோன்றவில்லை. தினம் என் கையில் காப்பி கொடுக்கிற பெண் எந்த மீடியம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அந்த ஹாலில் இருந்த இருபத்துச் சொச்சம் பேரில் என் புத்தகத்தை முழுசாகத் தெரிந்தவள், படிக்கத் தெரியாத இவள் ஒருத்திதான். செத்தேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

“எழுதிக்கீறது எல்லாம் நிஜந்தான்” என்றாள். “இவ மொக்கினா தீர்க்கறவ. இப்பக்கூட எங்க மருமவளுக்கு நல்லபடியா பிரசவம் ஆவணும்னு மறுபடி மொட்ட போடறேன்னு மொக்கிக்கினு கீறா. வர்ற வெள்ளிக்கிழம மலைக்குப் போறோம்.”

அப்படி ஒரு கைதட்டு அந்த வட்டத்தில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கை தானாகப் போய்க் கொண்டையைப் பிடித்துக்கொண்டது. நான் அப்படி ஒன்றும் மொக்கவில்லை என்று எழுந்து சொல்லலாம். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஏற்புரையில் தோழியின் வயிற்று வலியைப் பற்றிக் குறித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ்ஸில் ஆதார் கார்டைக் காட்டி இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவள் பொன்னாடையின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். விளிம்பு பிரிந்திருக்கிறது, மடித்துத் தைத்தால் இன்னும் பத்து வருடம் வரும் என்றாள். அதை அடுத்தவருக்குப் போர்த்தக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகள் எப்போது படித்துக் காட்டினாள் என்று கேட்டேன். நான் படித்துவிட்டுப் போன மறுநாளே என்றாள். வடமாலைப்பேட்டை தாண்டினது, புத்தூர் தாண்டினது. நகரியில் இறங்கும்போதுதான், வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதே என்றாள்.

அந்த ஆறு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என் முடி பழைய முடி இல்லை. நெற்றிப் பக்கம் ஏறிவிட்டது, பின்னல் முதுகில் பாதியோடு நின்றுவிட்டது, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சாயம். மழித்துவிட்டு முளைத்தால் வெள்ளையாகத்தான் முளைக்கும், உண்மை வயசு ஊருக்கே தெரிந்துபோகும். ஆனாலும் இருக்கிறதை விட மனசு வரவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தேன். வட்டத்தின் வாட்ஸப்பில் தலைவர், தலை கொடுக்கும் நட்பு என்று போட்டிருந்தார். மற்ற ஒன்பது நண்பர்களும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அன்றைக்குச் சித்தூரில் ஒரு புத்தக வெளியீடு.

ஆறு நாளும் ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் போலக் காப்பி கொடுத்தாள், எப்போதும் போல நாடா கோத்தாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், சண்டை போட்டு இரண்டு நாள் போகாமல் இருந்து மூன்றாம் நாள் போயிருப்பேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. தப்பு என் மேல் இருக்கும்போது எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை. அதே ஹால், அதே வரிசை, தரையெல்லாம் ஈரம். கவுண்டரில் இருந்தவர் மொட்டையா, மூன்று கத்தரியா என்று கேட்டார். அவள் என் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை போல, மறுபடி கேட்டார். மொட்டை என்று இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

முடி எடுக்கிற அம்மாள் முன்னால் உட்காரச் சொன்னாள். சிநேகிதி என் கொண்டையை அவிழ்த்து, ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றி, விரலால் அளைந்து நனைத்துவிட்டாள். என் மேல் கோபமா என்று அப்போதுதான் கேட்டேன்.

“பொய் எழுதினதுக்கா? அதுக்கு இன்னா. என்ன உன் கால்ல விழ வெச்ச பாரு, அதுக்குத்தான் கொஞ்சம் வந்துட்சி.”

அப்புறம் எதற்கு இழுத்துக்கொண்டு வந்தாய், மருமகளுக்காகவா என்றேன். மருமகள் திடமாக இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். இன்னொரு மக்கு தண்ணீர் ஊற்றினாள்.

“அன்னிக்கு நான் குடுத்தது என் முடி. மொக்கினது நீ. சாமிக்கு அது தெரியாதா? இருவது வருசமா வயித்துல ஒரு வலி வந்தா, துன்னது செரிக்கலன்னு எனக்குத் தோணாதுடீ. திரும்பி வந்துட்சின்னுதான் தோணும். சாயங்காலம் நீ வந்து உக்காந்து பேசிக்கினு இருப்ப. நான் உன் ஜடயப் பார்த்துக்கினே காப்பி போடுவேன்.”

இருபது வருடம், தினமும் ஆறு மணி. அவள் எதிரில் உட்கார்ந்து ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

“ஏன்டீ ஒரு வார்த்தை கேக்கல?” என்றேன்.

“கேட்டா போட்டிருப்ப. அப்புறம் என் வூட்டுப் பக்கம் வந்திருக்க மாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுரையில் அவளை அழ வைத்த மாதிரி அழகாக இல்லை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க. முடி எடுக்கிற அம்மாள் தலையை ஆட்டாதே, கத்தி கிழித்துவிடும் என்று தெலுங்கில் அதட்டினாள். குனிந்துகொண்டேன். கத்தி உச்சியில் குளிர்ச்சியாக எல்லாம் இல்லை, சரசரவென்று எரிச்சலாகத்தான் இருந்தது. சாயம் போட்ட முடியும் வேரில் வெள்ளை முடியுமாக மடியில் விழுந்தது. குனிந்த வாக்கில் எனக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. முழுசாக முடிகிற வரைக்கும் அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

குளித்துவிட்டு வந்ததும் என் தலையில் சந்தனம் பூசினாள். பையிலிருந்து அந்த மஞ்சள் பொன்னாடையை எடுத்தாள், ஓரம் மடித்துத் தைத்திருந்தது. காற்று அடிக்கிறது என்று அதை என் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். நான் தரிசன வரிசைப் பக்கம் நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துச் சாப்பாட்டு ஹால் பக்கம் திருப்பினாள். சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று இத்தனை வருடம் எனக்குச் சட்டம் பேசினவள் அவள்தான்.

“சாமி இருப்பாருடீ. மொதல்ல வா, துன்னலாம்” என்றாள். “எனக்குப் பசிக்குது.”